எந்தக் கரையில் இறங்கும் வரி?
மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும் வரியெதிர்ப்பு அரசியலும்

2023 டிசம்பர் 11ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றம் பெறுமதி சேர் வரித் திருத்தச் சட்டமூலத்தை 100க்கு 55 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த 97 வகைப் பொருட்களும் சேவைகளும் வரிக்குள் வந்தன. டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு ஆகியவையும் அவற்றுள் அடங்கும். குறைந்த வருமானக்காரரும் கிராமத்தவருமே இதைச் சுமக்கப்போகிறார்கள் என்றன எதிர்க்கட்சிகள். சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்பாட்டுக்குப் பின் வேறு வழியில்லை என்றது அரசாங்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதிநிதிகள் இரு பக்கங்களிலும் இருந்தார்கள். வர்த்தக இராஜாங்க அமைச்சரும் கிராமிய வீதி அபிவிருத்தி இராஜாங்க அமைச்சரும் அப்போது இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர்களே.

ஏழைகளின் பெயரால் ஓர் அரசியல்வாதி புதிய வரியை எதிர்க்கும்போது எந்தச் சுமையைத்தான் எதிர்க்கிறார்? அந்த வரி தோற்றால் அந்தச் சுமை உண்மையில் இறங்கிவிடுமா? இலங்கையில் இந்தக் கேள்விக்குக் குறைந்தது 175 ஆண்டுகளாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் முக்கியமானவற்றை வாவியின் இரு கரைகளிலும், அதாவது கடலோரமாக நெருங்கிக் குடியிருக்கும் எழுவான்கரையிலும் வயலும் குளமுமாக விரிந்த படுவான்கரையிலும், வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

டெனன்ட்டின் அறிக்கையும் 1848உம்

ஏழைகள் மீது விழுந்த புதிய வரிகளுக்கு எதிரான கலகம் என்றால் இலங்கையில் முதலில் நினைவுக்கு வருவது 1848. தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பு, அல்லது அதற்கு ஈடான பணம் என்றொரு சட்டமும் வந்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்து, இராணுவச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. டொரிங்டன் பின்னர் திருப்பி அழைக்கப்பட்டார்.

அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடியேற்றநாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கையின் நிதி நிலை பற்றி எழுதிய அறிக்கையில், ஏற்றுமதி இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்து, அந்த இடத்தை உள்நாட்டு நேர்வரிகளால், குறிப்பாகக் காணி வரியால், நிரப்பவேண்டும் என்று வாதிட்டார். அன்றைய தடையற்ற வணிகக் கொள்கைக்கு அது முற்போக்கான யோசனை. நடைமுறையில் கோப்பித் தோட்டக்காரரின் ஏற்றுமதித் தீர்வை நீங்கியது. கிராமத்தவனின் நாய்க்கு வரி வந்தது. கலகம் நடந்து சில வாரங்களில், 1848 செப்டெம்பரில், இதே டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்து வாவியில் மீன் பாடும் ஒலியை விசாரித்து எழுதினார். அவர் பெயர் இங்கே இன்றும் நினைக்கப்படுவது அந்த மீன்களால்தான், வரி அறிக்கையால் அல்ல.

நேர்வரி இயல்பாகவே ஏழைகளுக்குச் சாதகமானது என்ற இன்றைய நம்பிக்கையை 1848 சற்று அசைக்கிறது. ஒரு வரியின் நீதி அது நேர்வரியா மறைமுக வரியா என்பதில் அடங்கிவிடுவதில்லை. யாருடைய வரியை நீக்குவதற்காக அது வந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிடவேண்டியிருக்கிறது.

நெல்வரி நீங்கியதால் யாருக்கு லாபம்?

இந்தக் கேள்வியின் மிக வளமான அத்தியாயம் நெல்வரி. விளைச்சலில் பத்தில் ஒன்று என்ற கணக்கில் பழங்காலத்திலிருந்தே வந்த இந்த அறவீட்டை ஆங்கில ஆட்சி நீண்டகாலம் குத்தகைக்காரர் மூலம் தண்டியது. 1878ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டம் அதை நிலையான பணத்தொகையாக மாற்ற முயன்றது. வெள்ளமோ வரட்சியோ வந்து வயல் பொய்த்த ஆண்டிலும் காசு கட்டவேண்டும். கட்டாவிட்டால் காணி ஏலத்துக்கு வரும். மலைநாட்டின் வலப்பனையில் 1880களில் நிகழ்ந்த வெளியேற்றங்கள் பெரும் சர்ச்சையாயின. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர், காணி இழந்த குடியானவர்களின் பட்டினியையும் சாவுகளையும் பதிவுசெய்தார். ஜோர்ஜ் வோல் என்பவர் வரியை எதிர்த்துக் கொழும்பில் இயக்கம் நடத்தினார். இங்கிலாந்தின் கொப்டன் கழகமும் குரல் கொடுத்தது. தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1893 தொடக்கத்துடன் வரி ஒழிந்தது.

வரியை ஆதரித்தவர்களின் வாதமும் இலேசானதல்ல. முந்தைய தேசாதிபதி ஆதர் கோர்டன் அதை உறுதியாகப் பாதுகாத்தவர். நெல்வரி உண்மையில் அரசுக்குரிய நில வாடகை, அதை நீக்கினால் லாபம் காணிக்காரனுக்கே போகும், உழுபவனுக்கு அல்ல என்பதே அத்தரப்பின் சாரம். வலப்பனையின் சிறு காணிக்காரர் விடயத்தில் இந்த வாதம் நிற்காது. மட்டக்களப்பில்?

இங்கே நெல் வேளாண்மையின் உடைமை அமைப்பு வேறு. பெரும் வட்டைகள், அதாவது வயல் தொகுதிகள், போடிமார் எனப்படும் பெருங்காணிக்காரரின் கையில் இருந்தன. அவர்களுக்குக் கீழே முல்லைக்காரனும் வயற்காரனும் பங்குக்கோ கூலிக்கோ உழைத்தார்கள். 1850களில் தேசாதிபதி ஹென்றி வோர்ட் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தத் தொடங்கியபின் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தில் (இன்றைய அம்பாறை 1961 வரை அதன் பகுதி) நெற்செய்கை பெருகியது. காணியின் பெறுமதியும் கூடியது. இத்தகைய அமைப்பில் விளைச்சலின் பத்தில் ஒரு பங்கை அரசு கைவிட்டால், அந்தப் பங்கு முல்லைக்காரனின் கூலியாக மாறும் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் இல்லை. குத்தகை ஒப்பந்தம் யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடமே அது தங்கியிருக்கும் என்பதுதான் கூடிய சாத்தியம். இதை உறுதிசெய்ய அந்தக்காலப் பங்குக் கணக்குகளை வட்டை வட்டையாகத் தேடவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நெல்வரி போனபின் இறக்குமதி அரிசித் தீர்வை தொடர்ந்தது. அரிசியை வாங்கி உண்பவர் அதைச் செலுத்தினார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்ல, கடலிலும் வாவியிலும் மீன்பிடித்து அரிசி வாங்கும் குடும்பங்களும் இருந்திருப்பார்கள். படுவான்கரையில் இறக்கிய பாரத்தின் ஒரு பகுதி எழுவான்கரையில் ஏறியிருக்கலாம். ‘கிராமத்தவர்’ என்று அரசியல்வாதிகள் ஒருமையில் பேசும் கூட்டம் விற்பவரும் வாங்குபவருமாகப் பிரிந்தே கிடக்கிறது.

கல்லுடைத்த எதிர்ப்பு

1848இன் வரிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டாலும் வீதிச் சட்டம் நிலைத்தது. ஆண்டுக்கு 2 ரூபா, இல்லையேல் ஆறு நாள் வீதி வேலை என்ற தலைவரியாக அது 20ஆம் நூற்றாண்டுக்கும் வந்து சேர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க அதைக் கட்ட மறுத்து, தெருவில் கல்லுடைக்கப் போனார். வரி சில ஆண்டுகளுள் ஒழிந்தது.

இலங்கை வரியெதிர்ப்பு அரசியலின் மிகத் துலக்கமான வெற்றி இதுவே. காரணம் தேடுவது கடினமல்ல. வரி எல்லோருக்கும் ஒரே தொகை. செல்வந்தனும் கூலியும் ஒன்றாகக் கட்டுவதன் அநீதி கண்ணுக்குத் தெரிந்தது. கட்ட மறுக்க வழியும் இருந்தது. இதேபோல் கண்ணுக்குத் தெரிந்த இன்னொரு அறவீடு 1984இல் பெரும் நீர்ப்பாசனத் திட்டங்களில் ஏக்கருக்கு 100 ரூபாவாக விதிக்கப்பட்ட பராமரிப்புக் கட்டணம். யாரும் கல்லுடைக்கவில்லை. விவசாயிகள் கட்டாமல் விட்டார்கள், சில ஆண்டுகளில் தண்டல் சரிந்தது.

சீனிப் பையில் ஒட்டியிருக்கும் வரிக்கு எதிராக இப்படிச் செய்ய முடியாது. 2023 நவம்பரில் ஒரு கிலோ இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி 25 சதத்திலிருந்து 50 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. அதைக் கட்ட மறுப்பதென்றால் தேநீரைச் சீனியில்லாமல் குடிக்கவேண்டும். 1848இல் குடியானவன் அரசுக்கு எதிராக நிற்க முடிந்தது. 2023இல் அவன் நிற்பது கடைக்காரருக்கு முன்னால்.

நேர்வரி என்ற மாற்று

இடதுசாரிகளும் அவர்களைத் தொடர்ந்து பல எதிர்க்கட்சிகளும் முன்வைத்து வரும் பதில், வருமானத்திலும் சொத்திலும் வரி விதிக்கவேண்டும் என்பது. இலங்கையில் வருமான வரி 1932இல் வந்தது. 1958இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் பண்டாரநாயக்க அரசாங்கத்துக்கு ஆலோசனை கூற, அடுத்த ஆண்டு செல்வ வரியும் செலவின வரியும் வந்தன. கோட்பாட்டளவில் அழகான திட்டம். ஆனால் நிர்வாகச் சிக்கலும் செல்வாக்குள்ளோரின் எதிர்ப்பும் சேர்ந்து செலவின வரியை நீடிக்கவிடவில்லை.

மறைமுக வரி எண்பது, நேர்வரி இருபது என்ற விகிதம் இந்தத் தரப்பின் நிரந்தரச் சான்று. நெடுங்காலம் அது ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. 2023இல் வருமான வரி வரம்பு ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவாகத் தாழ்ந்து, உச்ச வீதம் 36 ஆன பின் நேர்வரியின் பங்கு கூடியிருக்கிறது. பெரும்பகுதி இன்னும் மறைமுக வரியே. பழைய விகிதத்தை அப்படியே மேடைகளில் சொல்வது இப்போது துல்லியமல்ல. நேர்வரியின் அந்த உயர்வும் சம்பளப் பட்டியலில் பெயருள்ள ஆசிரியர், மருத்துவர், வங்கி ஊழியரிடமிருந்தே எளிதில் வந்தது. பட்டியலில் இல்லாத வருமானம் எவ்வளவு தப்பியது என்பது வேறு விடயம்.

விலக்கு என்ற ஆறுதல்

இனி வற் வரிக்கு வருவோம். நெல்லும் மீனும் விற்கும் சிறு உற்பத்தியாளரை வரி தொடுவதில்லை, ஆண்டு விற்பனை ஒரு வரம்பைத் தாண்டியவர் (2024இல் 60 மில்லியன் ரூபா) மட்டுமே பதிவுசெய்யவேண்டும் என்பது அரசாங்கங்கள் வழக்கமாகத் தரும் ஆறுதல். இவ்வரம்பை 36 மில்லியனாகக் குறைக்க 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. அதுவும் வாவிக்கரைத் தோணிக்காரனுக்கு எட்டாத உயரமே. ஆகவே அவன் தப்பிவிட்டானா?

வற் வரியின் இயக்கத்தைக் கவனித்தால் நிலைமை மாறித் தெரியும். பதிவுபெற்ற வியாபாரி தான் வாங்கிய பொருளில் கட்டிய வரியைத் தான் அறவிடும் வரியிலிருந்து கழித்துக்கொள்கிறார். பதிவில்லாதவருக்கு அந்தக் கழிவு கிடையாது. உன்னிச்சைக் குளத்து நீரில் வெள்ளாமை செய்யும் ஒருவர் லாண்ட்மாஸ்டருக்கு ஊற்றும் டீசலிலும் அதன் உதிரிப்பாகத்திலும் வெட்டு மெசின் கூலியிலும் ஏற்கெனவே வரி கலந்திருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, ஒரு போகத்தில் வரிக்குட்பட்ட உள்ளீடுகளின் அடக்கவிலை ஓர் இலட்சம் ரூபா என்று கொண்டால் அதன் மேல் 18,000 ரூபா வற் ஏறுகிறது. 2022 ஒக்டோபர் முதல் உள்ள 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு வரி கைமாறும் கட்டங்களில் சேர்ந்து வருவது தனி. பெரிய நிறுவனம் வற் தொகையைத் திரும்பப் பெறும். விவசாயிக்கு அது செலவோடு செலவு.

அந்தச் செலவை அவர் நெல் விலையில் ஏற்ற முடியுமானால் பிரச்சினை நுகர்வோரிடம் போய்விடும். முடிகிறதா என்பதே கேள்வி. கிழக்கில் பெரும்போக அறுவடை ஜனவரியில் தொடங்குகிறது. 2025இல் நாட்டு நெல் கிலோ 120 ரூபா என்ற உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது பெப்ரவரியில். கடன் வாங்கி விதைத்தவர் காய வைக்கக் களமும் அடுக்கக் களஞ்சியமும் இல்லாமல் வயலோரத்திலேயே விற்கிறார். விலையைச் சொல்பவர் வாங்க வந்தவர். வாவியில் இறாலும் நண்டும் பிடிப்பவரின் நிலை இன்னும் இறுக்கம், மாலைவரை காத்திருந்தால் சரக்கு கெட்டுவிடும். இப்படி விலைபேசும் பலம் இல்லாத இடத்தில், மேலிருந்து வரும் வரி உற்பத்தியாளரிடமே தங்கிவிட வாய்ப்பு அதிகம். ஆகவே ‘விவசாயிக்கு வரி இல்லை’ என்ற அரசாங்க வாக்கியமும், ‘உணவுக்கு விலக்கு அளி’ என்ற எதிர்க்கட்சிக் கோரிக்கையும் ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றன: இரண்டும் கடைசி விற்பனையை மட்டும் பார்க்கின்றன. உள்ளீட்டு வரியைத் திருப்பித் தரும் பூச்சிய வீதமே உண்மையான விடுவிப்பு. ஆனால் பற்றுச்சீட்டே இல்லாத சிறு விவசாயிக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதற்கு நிர்வாகத்திடம் எளிய வழி இல்லை.

வரி என்ற பெயரே இல்லாத சுமைகளையும் இங்கே சேர்க்கவேண்டும். 2022 ஓகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அது மானிய நீக்கம், வரி அல்ல. வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குப் போகும் மீனவருக்கு அந்த வேறுபாட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. 1953இல் பங்கீட்டு அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நடந்த ஹர்த்தாலும் வரிக்கு எதிரானதல்ல, ஆனால் ஒரு பிரதமர் அதனால் பதவி இழந்தார்.

வாங்கிக் கொடுத்தல்

எல்லோரிடமும் ஒரே வீதத்தில் அறவிட்டு, ஏழைக்கு மட்டும் பணமாகத் திருப்பிக் கொடுப்பது திறமையான வழி என்பது நாணய நிதியமும் திறைசேரியும் இன்று முன்வைக்கும் வாதம். விலக்குகளால் அதிகம் நன்மை பெறுவது அதிகம் வாங்கும் செல்வந்தரே என்பதால் இதில் உண்மை இருக்கிறது. 2023 ஜூலையில் சமுர்த்தி நிவாரணத்தின் இடத்துக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம் இந்தக் கோட்பாட்டின் மறுபாதி. மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளில் தொடங்கிய கொடுப்பனவின் மேலிரு படிகள் 2025இல் 10,000, 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டன.

பலவீனம் தெரிவில் இருக்கிறது. 22 சுட்டிகளால் குடும்பத்தை அளக்கும் முறை நிலையான சம்பளமும் நிலையான வறுமையும் உள்ள இடத்துக்குப் பொருந்தலாம். முகத்துவாரம் வெட்டும் பருவத்தில் கை நிறையவும், மற்ற மாதங்களில் வெறுங்கையுமாக இருக்கும் வாவி மீனவரை எந்த மாதத்தில் அளப்பது? பழைய மோட்டார் சைக்கிள் சொத்தா, மீன் விற்கும் கருவியா? வரி தவறாமல் வந்து சேர்கிறது, ஈடு தெரிவுப் பட்டியலைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது. இந்தச் சமனின்மையைச் சுட்டிய அளவில் எதிர்க்கட்சியின் விமர்சனம் பலமானது என்றே கருதுகிறேன்.

வரி வேண்டாம் என்ற சோதனை

புதிய வரியே வேண்டாம், வீண்விரயத்தையும் ஊழலையும் நிறுத்தினால் போதும் என்பதும் ஒரு பழைய பதில். 2019 முடிவில் இலங்கை அதன் ஒரு வடிவத்தைச் சோதித்துப் பார்த்தது. வற் 15இலிருந்து 8 வீதமானது, பதிவு வரம்பு 300 மில்லியனானது, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி ஒழிந்தது. பெருந்தொற்றும் கடனும் பிற தவறுகளும் சேர்ந்துகொண்டதால் பின்னர் நடந்த அனைத்தையும் இதன் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அரசிறை சரிந்தது, பணம் அச்சிடப்பட்டது, 2022 ஏப்ரலில் நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். பாராளுமன்றத்தில் யாரும் வாக்களிக்காத இந்த அறவீடு, வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பங்களை எந்த வற் உயர்வையும் விடக் கடுமையாக வெட்டியது. வரியை எதிர்ப்பவர் அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் விட்டால், 2022 அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

தண்டுபவர் யார்?

தமிழ்க் கட்சிகள் மொழி, காணி, அதிகாரம் பற்றிப் பேசிய அளவுக்கு வரி பற்றிப் பேசியதில்லை. அதிகாரப் பகிர்வின் வழியாகவே அவர்கள் இக்கேள்வியைத் தொட்டார்கள். இங்கே அறவிடும் பணம் கொழும்புக்குப் போய் மானியமாகத் திரும்பி வரவேண்டுமா என்பதே அந்த வாதம். 1987இன் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்குப் புரள்வு வரி உள்ளிட்ட சில வரிகளைத் தந்தது. 2011இல் புரள்வு வரி நீங்கி, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு அதற்கு ஈடானது. 2019இல் அந்த வரியே இல்லாமல் போனது. கிழக்கு மாகாண சபையின் காலமும் 2017 செப்டெம்பரில் முடிந்து, பின்னர் தேர்தல் நடக்கவில்லை. ஆனால் மாகாணத்துக்கு முழு வரியதிகாரம் வந்தாலும், வறுமை தேசிய சராசரியை மிஞ்சும் ஒரு மாவட்டத்தில் தண்ட என்ன இருக்கிறது என்ற வினா இந்த நிலைப்பாட்டைத் துரத்துகிறது.

உள்ளூர்த் தண்டல் தானாகவே நீதியானதும் அல்ல. கொக்கட்டிச்சோலை உட்படப் படுவான்கரை 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், மக்கள் கடைச் சாமானில் அரசின் மறைமுக வரியையும், தங்கள் உற்பத்திக்கும் போக்குவரத்துக்கும் இயக்கத்தின் வரியையும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்றும் பிரதேச சபைகள் சந்தைத் தண்டலைக் கூடிய கேள்விக்காரருக்குக் குத்தகைக்கு விடுகின்றன. நெல்வரிக் குத்தகைக்காரனை எதிர்த்த 19ஆம் நூற்றாண்டு மனுக்காரருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

தீராதிருப்பவை

இவ்வளவு பதில்களுக்கும் பின் சில விடயங்கள் ஓரளவு நிலைபெற்றதாகக் கொள்ளலாம். தலைக்கு இவ்வளவு என்ற வரியை எதிர்ப்பது எளிது, வெல்வதும் சாத்தியம். விலையில் கரைந்த வரியை எதிர்ப்பவருக்கு வாக்கெடுப்பைத் தவிர ஆயுதம் குறைவு. ஒரு வரியை நீக்குவதால் வரும் நன்மை உழைப்பவரிடம் போகுமா என்பது காணியும் கடனும் சந்தையும் யார் கையில் என்பதைப் பொறுத்தது. மட்டக்களப்பில் அது பல வேளை அவரைச் சேராமலே போகக்கூடும்.

விடையில்லாதவை இவற்றைவிட முக்கியமானவை. 18 வீத வற் வரியில் எவ்வளவு படுவான்கரை விவசாயியிடம் தங்குகிறது, எவ்வளவு ஆலைக்காரரிடமும் நுகர்வோரிடமும் நகர்கிறது என்பது மாவட்ட மட்டத்தில் அளக்கப்படவேண்டியது. தேசியச் சராசரிகளிலிருந்து அதை ஊகிக்க முடியாது. தேசிய மக்கள் சக்தி 2024இல் உணவு, சுகாதாரம், கல்விப் பொருட்கள் மீதான வற் வரியை நீக்குவதாக உறுதியளித்து ஆட்சிக்கு வந்தது. 2025இல் உள்ளூர்ப் பால், யோகட் போன்ற சில பொருட்களுக்கு விலக்கு வந்தது. நாணய நிதியத் திட்டத்தின் எல்லைக்குள் மீதி எவ்வளவு சாத்தியம் என்பது அடுத்த வரவுசெலவுத் திட்டங்களில்தான் தெரியும். எதிர்க்கட்சியில் இருந்தபோது மறைமுக வரியைக் கண்டித்தவர்கள் ஆட்சியில் அதையே நம்பியிருக்க நேர்வது இந்த நாட்டில் முதல் தடவையல்ல என்பதால், அதைத் தனிமனித நேர்மையின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. மறைமுக வரியில்லாமல் நடத்தக்கூடிய ஒரு திறைசேரியை இலங்கை இதுவரை கட்டவில்லை. சொத்து வரியும் முறையான காணிப் பதிவும் அதற்கு வழி என்று சொல்லப்படுகிறது. காணி உறுதிகள் போரிலும் இடப்பெயர்விலும் சிதறிய கிழக்கில் அந்தப் பதிவை யார், எந்த நம்பிக்கையின்மேல் தொடங்குவது என்பதற்கு இரு தரப்பிலும் இன்னும் பதில் இல்லை.